கறுப்பு எலியும் எங்கப்பாவும்

வீட்டுல எந்த விசேஷம்னாலும் யாராவது கேட்டுடுவாங்க: "ஏன்டா, நீ ஒரு வாய்கூட போட மாட்டியா?" "பழக்கமில்ல மாமா"ன்னு சிரிச்சுட்டு நகர்ந்துடுவேன். நிஜக் காரணம் பயம். அப்பா குடிச்சார். தாத்தாவும் குடிச்சாராம். "ரத்தத்துலயே இருக்கு"ன்னு அத்தை சொல்றதைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

அது நிஜமான்னு தேடப் போய்த்தான் எலிகள்கிட்ட மாட்டினேன்.

1959-ல் மெக்லெர்ன், ராட்ஜர்ஸ்னு ரெண்டு அமெரிக்கர்கள் சுண்டெலிகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கூண்டுல ரெண்டு பாட்டில். ஒண்ணுல வெறும் தண்ணி, இன்னொண்ணுல ஆல்கஹால் கலந்தது. எது வேணுமோ குடிச்சுக்கலாம். அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையா சேர்த்து உருவாக்கின ரகங்கள், அதனால ஒரு ரகத்துக்குள்ள எல்லா எலியும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. சி57 பிளாக்ங்கிற கறுப்பு ரகம் சரக்கு பாட்டிலைத் தேடிப் போச்சு. டிபிஏங்கிற பழுப்பு ரகத்துக்குத் தண்ணியே போதும். சகவாசம் சரியில்லன்னு எலியைச் சொல்ல முடியுமா? :-)

1999-ல் மூணு ஊர் ஆய்வகங்கள்ல ஒரே மாதிரி சோதனைகள் செஞ்சு பார்த்தாங்க. பல குணங்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுச்சு. குடி விஷயத்துல மட்டும் ரகத்துக்கு ரகம் இருந்த வித்தியாசம் மாறவே இல்ல. படிச்சதும் வயித்தைக் கலக்குச்சு. அப்போ நானும் கறுப்பு எலிதானா?

அப்புறம்தான் இன்னொண்ணு படிச்சேன். அந்த 'நல்ல பிள்ளை' டிபிஏ எலிக்கு ஆல்கஹாலை ஊசியில ஏத்தினா, ஏத்தின இடத்தையே திரும்பத் திரும்பத் தேடிப் போகுதாம், கறுப்பு எலியைவிட அதிகமா! போதை அதுக்கும் பிடிக்குது. வாயில வைக்கத்தான் பிடிக்கல. மனுஷங்க விஷயத்துல, குடிக்கு அடிமையாகிறதுல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துக்குப் பரம்பரை சுமார் பாதிக் காரணம்னு இரட்டையர் ஆய்வுகள் சொல்லுது. அதுவும் ஒரு ஜீன் இல்ல, ஏகப்பட்ட ஜீன்கள், ஒவ்வொண்ணும் துளித் துளியா.

"நெனச்சா விட்ருக்கலாமே"ன்னு அப்பாகிட்ட கடைசி வரைக்கும் கத்தியிருக்கேன். பக்கத்துவீட்டுக்காரர் ஒரு பெக்கோட எழுந்து போற மாதிரி இவரால ஏன் முடியலன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. அவர் செஞ்சது சரின்னு இப்பவும் சொல்லல. கோபம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு.

ஒண்ணு கவனிச்சீங்களா? கூண்டுல அந்த ரெண்டாவது பாட்டிலை வச்சது எலி இல்ல. அது இல்லாத கூண்டுல கறுப்பும் பழுப்பும் தண்ணிதான் குடிக்கும். என் கூண்டுல அதை வைக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ற வசதி எனக்கு இருக்கு.

பையனுக்கு இப்ப 14 வயசு. அவன் கேட்கும்போது "பழக்கமில்ல"ன்னு மழுப்பப் போறதில்ல. தாத்தா கதையையும் எலி கதையையும் சேர்த்தே சொல்லணும்.