விளக்கும் விண்மீனும்

இருட்டைக் காண்பதற்காக 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறவர் என்று என்னைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் கேலி இருக்கிறதே தவிரப் பிழை இல்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு, இரவு வானத்தைப் புகைப்படம் எடுப்பது. இதற்கு வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. ஆடாமல் நிற்கும் முக்காலி ஒன்று, அகன்ற பார்வையுள்ள வில்லை பொருத்திய காமிரா ஒன்று, பனிக்கு ஒரு போர்வை, அமாவாசை குறித்த நாட்காட்டி ஒன்று. இவையெல்லாம் தாம்பரத்திலேயே கிடைக்கும். தாம்பரத்தில் கிடைக்காதது இருட்டு ஒன்றுதான்.

முன்பு அதுவும் கிடைத்தது. சேலையூரில் நாங்கள் குடியேறிய புதிதில் தெருவுக்கு இரண்டோ மூன்றோ குழல்விளக்குகள். அவற்றிலும் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். 1986 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் பூமிக்கு அருகில் வந்தபோது மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, தென்வானில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல் மங்கலாகக் கிடந்த அதனை வெறுங்கண்ணாலேயே கண்டோம். பெரிய வாலை எதிர்பார்த்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, இதற்காகவா என்னைப் படியேற்றினாய் என்று கடிந்துகொண்டார். மீண்டும் அது 2061-இல்தான் வரும் என்று சொன்னேன். "அப்போ நீ வந்து பாரு" என்றார். அந்த மாடி இன்றும் இருக்கிறது. அதே மாடியிலிருந்து இப்போது இருபது விநாடிகள் காமிராவைத் திறந்து வைத்தால், கழுவிய அரிசித் தண்ணீரைப் போல் வெளுத்த ஒரு படம் கிடைக்கிறது; நட்சத்திரங்கள் அதில் உடைந்த குருணையாக அங்கொன்றும் இங்கொன்றும் கிடக்கின்றன. விண்மீன்களை எண்ணிப் பார்க்கும்படி ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட இடம் எங்கள் தெருவாக இருந்திருந்தால், அவர் இரவு உணவுக்கு முன்பே எண்ணி முடித்திருப்பார்.

சென்னை ஒரு காலத்தில் வானியலாளரின் ஊர் என்பதை இன்று எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்? 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வான் ஆய்வுக்கூடத்தில், 1861 ஏப்ரலில் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கண்டம் முழுவதற்கும் பெருமையாக அதற்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒளியால் வகைப்படுத்தும் அளவுகோலை 1856-இல் கணக்காக வரையறுத்துத் தந்தவரும் அவரே. அதே கூடத்தில் அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். இவர்கள் எந்த மலைக்கும் போகவில்லை. பட்டணத்துக்குள்ளேயே இருந்து வானத்தைப் படித்தார்கள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைத் துறவி ரிஷோ அடிகளார், ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அன்று, அருகருகே நிற்கும் இரண்டு என்று கண்டறிந்தார். நம் கதிரவனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அதுதான். அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. கோடை இரவுகளில் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தாழ்ந்து எரிகின்ற அந்த விண்மீனை இன்றும் எங்கள் மாடியிலிருந்து காணலாம். அதன் அருகிலுள்ள தென்சிலுவையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஊர் பெருகினால் விளக்கு பெருகும். இதில் யாரையும் நோவதற்கில்லை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்ததிலிருந்தே தொடங்கிய கதை இது. பெருஞ்சாலைக்கு விளக்கு, விமானப்படைத் தளத்துக்கு விளக்கு, ஏற்றுமதி வளாகத்துக்கு விளக்கு, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு விளக்கு. முன்பு சாலைகளில் எரிந்தவை பெரும்பாலும் மஞ்சள் சோடியம் விளக்குகள். அவற்றை அகற்றிவிட்டு இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் மிச்சம்தான். ஆனால் அந்த வெள்ளையில் நீலம் மிகுதி. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். பகல்வானத்தை நீலமாக்கும் அதே சிதறல்தான் இரவுவானத்தை வெளுக்க வைக்கிறது. 2016-இல் வெளியான உலக வரைபடம் ஒன்றின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளியைக் காண இயலாது. திருத்தந்தையரின் வான் ஆய்வுக்கூடமே இதற்குத் தப்பவில்லை. ரோம் நகரின் விளக்கொளி பொறுக்காமல் 1930-களில் காஸ்டல் கண்டோல்ஃபோ குன்றுக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் வெளிச்சம் துரத்தி வர, 1981-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஓர் ஆய்வுக்குழுவை நிறுவிக்கொண்டது. அவர்களே கடல் கடந்து இருட்டைத் தேடும்போது நான் ஜவ்வாது மலைக்குப் போவதில் வியப்பென்ன?

ஒருமுறை இருட்டு தானாகவே எங்களைத் தேடி வந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் தாம்பரத்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனபின், நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீருக்கு அலைந்த அலைச்சலுக்கிடையிலும், என்னுள் இருந்த புகைப்படக்காரன் இரவில் மாடியேறினான். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அன்று பௌர்ணமி! நிலவு ஊரையே வெள்ளையடித்து வைத்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இறங்கி வந்தேன்.

இனி நான் சொல்லப் போவது எனக்கு அவ்வளவு எளிதான செய்தி அன்று. என் மகள் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறாள். வாரத்தில் சில நாட்கள் அவள் வீடு திரும்ப இரவு பதினொன்றாகும். தெருமுனை விளக்கு கடந்த ஆண்டு தொடக்கத்தில் அணைந்து இரண்டு மாதங்களாக எரியவில்லை. அந்த முனையில் அவள் ஏறத்தாழ ஓடித்தான் வருவாள் என்பதை அவளாகச் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதைக் கண்டு நானே அறிந்தேன். உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். தெருவார் பதினான்கு பேரிடம் கையொப்பம் வாங்கியவனும் நானே. அதே வாரம் அமாவாசை. 2025 மார்ச் 29, சனிக்கிழமை. வெளிச்சம் கேட்டு மனுக் கொடுத்த கையோடு இருட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கினேன். இம்முறை மகளும் உடன் வருவதாகச் சொன்னாள்.

பக்கத்திலேயே பார்க்கலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டைக் கடந்து மதுராந்தகம் ஏரிக்கரை வரை போனால் தெற்குவானம் ஓரளவு கறுக்கும். ஆனால் வடக்கே திரும்பினால், சூரியன் திசை மாறி உதிக்கிறதோ என்று ஐயுறும்படி அடிவானம் வெளுத்திருக்கும். அது சென்னை. ஆகவே பூங்கா நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலில் வண்டியேறி, வாணியம்பாடியில் பேருந்து பிடித்து, ஆலங்காயம் வழியாகக் காவலூர்.

சந்தன மரக் காடுகளுக்கிடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இந்த இடத்தைத் தேர்ந்தவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். நகரங்களின் ஒளிக்கு எட்டாத தொலைவு, தென்வானமும் வடவானமும் ஒருங்கே தெரியும் அட்சரேகை என்ற இரண்டையும் கருதி, 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் இங்கே தொடங்கினார். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று வெளிப்பட்டபோது, அதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதைக் காண அவர் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். ஆய்வுக்கூடத்துக்குள் நாங்கள் செல்லவில்லை. அங்கிருந்து ஜமுனாமரத்தூர்ச் சாலையில் சற்றுத் தள்ளி ஒரு சிற்றூரில் என் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பின்னால், சாமை அறுவடை முடிந்து வெறிச்சென்று கிடந்த நிலத்தில் முக்காலியை ஊன்றினோம்.

கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது வேண்டும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டாலும் அந்த அரைமணி வீண். அதனால் கைவிளக்கின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தோம்; சிவப்பொளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நள்ளிரவில் தென்சிலுவை நேர்தெற்கே நிமிர்ந்து நின்றது. இரண்டு மணிக்குப் பின், தென்கிழக்கே விருச்சிகத்தின் கொடுக்குக்குக் கீழிருந்து பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி புகைபோல் எழுந்து வந்தது. அந்த மையத்திலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். ஐரோப்பியர் இதை அடிவானத்தை ஒட்டி அரைகுறையாகத்தான் காண்பார்கள். நமக்கோ அது வானத்தில் பாதி உயரத்துக்கும் மேலே ஏறிவரும். இந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு நாம் செய்கிற அலட்சியம் எனக்குப் பொறுக்கவில்லை. ஆண்டில் பெரும்பகுதி மேகம் மறைக்கும் நாட்டில், பிப்ரவரியிலிருந்து மே வரைக்குமான சில அமாவாசைகள்தாம் நமக்கு வாய்ப்பு.

பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. காமிராவை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் புள்ளியாக நில்லாமல் கோடாக இழுபடும். ஆகவே இருபது விநாடிக்கு ஒரு படம். அப்படிப் பல படங்களை எடுத்துப் பின்னர் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முதல் படம் காமிராவின் சிறு திரையில் தோன்றியபோது மகள் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "இது நம்ம வீட்டு மேலயும் இருக்குதானே அப்பா?" என்று கேட்டாள்.

மூன்று மணி அளவில் வரப்பில் ஒரு கைவிளக்கு ஆடி ஆடி வந்தது. ஆட்டுப்பட்டிக்குக் காவலிருந்த முதியவர் ஒருவர், சிவப்பு வெளிச்சத்தைக் கண்டு ஐயுற்று வந்திருந்தார். வாத்தியார் வீட்டு விருந்தாளிகள் என்றதும் விளக்கை அணைத்துவிட்டு வரப்பில் அமர்ந்தார்.

"மெட்ராஸ்ல என்ன இல்லைன்னு இங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"இருட்டு இல்ல தாத்தா" என்றாள் மகள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது எங்ககிட்ட நிறையக் கெடக்கு, வேணுங்கிற மட்டும் அள்ளிட்டுப் போ பாப்பா."

பின்பு சிரிப்பை நிறுத்திச் சொன்னார். குடிநீர்க் குழாயிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் பாதையில் விளக்கில்லை. போன மழைக்காலத்தில் அந்தப் பாதையில் அவர் மருமகளைப் பாம்பு தீண்டிவிட்டது. கீழே கொண்டு சென்று பிழைக்க வைத்தார்கள். இருமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை. "நீங்க படிச்சவங்க. நல்லா எழுதித் தந்தீங்கன்னா திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல குடுப்பேன்."

அவ்வளவு பெரிய வானத்தின் கீழ் எனக்குப் பேச்சு எழவில்லை. நான் அள்ள வந்த இருட்டு அவர் மருமகளைக் கடித்த இருட்டு. எங்கள் தெருமுனைக்கு விளக்கு வேண்டும், அவர் ஊர்ப் பாதைக்கு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். தெருவிளக்கின் ஒளியில் தரையில் விழுவதுதான் நடப்பவருக்கு உதவுகிறது. மேலே போவது யாருக்கும் பயன்படாமல் வானத்தைக் கெடுக்கிறது. விளக்கின் மேற்புறத்தையும் பக்கங்களையும் மூடி, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் பாம்பும் தெரியும், பால்வெளியும் தெரியும். லடாக்கின் ஹன்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டபின், அவ்வூர்க்காரர்கள் விளக்கே இல்லாமல் வாழவில்லை. வெளிச்சத்தை மறைத்து, தணித்து வைத்துக்கொள்கிறார்கள். நான் சேலையூருக்கு எழுதிய மனுவில் இப்படி ஒரு வரி இல்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

மகள் மடியில் தாளை வைத்துச் சிவப்பு வெளிச்சத்தில் எழுதினாள். பாதையின் நீளம், வீடுகளின் எண்ணிக்கை, பாம்பு தீண்டிய மாதம் ஆகியவற்றைப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நான் சொன்னபடி, விளக்கு மேற்புறம் மூடியதாகவும் ஒளி தரையில் மட்டும் விழுவதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். முழுவதையும் படித்துக் காட்டினாள். அந்த வரியை மட்டும் அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"மூடி கேட்டா லைட்டு வர்றதுக்கு லேட்டாகுமா சார்?"

மகள் என்னைப் பார்த்தாள். ஆகாது என்று உறுதி கூற எனக்கு வழியில்லை. "அதைத் தனியா, கடைசியில எழும்மா. விளக்கு வேணும்கிறது மேல நிக்கட்டும்" என்றேன். அவள் வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினாள். பெரியவர் மெதுவாகக் கையொப்பமிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று வாத்தியாரைக் கேட்க வேண்டும் என்றபடி எழுந்தார். எங்கள் கண் கூசக்கூடாது என்று, வரப்பைத் தாண்டும்வரை அவர் விளக்கைப் போடவில்லை.