லட்சுமி முகம் பதிந்த மார்புக்கவசம்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவிக்கு அனுமதி கிடையாது. உரசினால் பொறி பறக்கும். அதனால் மரமும் பித்தளையும்தான் அங்கே புழங்கும். வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். இரும்புக்கு இத்தனை பயந்த சிவகாசியிலிருந்துதான் 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-ல் பிறந்த நாயகன் அவன். விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தொண்ணூறுகளில் நாங்கள் படித்தவை அட்டை கிழிந்த பழைய பிரதிகள். சட்டைப்பையில் ஆணி கிடந்தாலே அப்பா திட்டும் வீட்டில், எனக்கு ஒரு இரும்புக் கை வேண்டியிருந்தது.

அதற்கான சாமான் எல்லாம் தெருவிலேயே கிடந்தது. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் வெடிப்பெட்டி அட்டையும் அச்சடிக்கிற ஊர். வேலை முடிந்த ஆஃப்செட் பிளேட்டுகள் அச்சகத்துக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கும். மெல்லிய அலுமினியத் தகடு, எடைக்குப் போகும். “அண்ணாச்சி, கழிவு பிளேட் ஒண்ணு” என்று அச்சகக்காரர் முன்னால் நின்றால், கண்ணை உயர்த்தாமலே, “ஓரம் கையக் கிழிச்சிரும், பாத்து” என்பார். எதற்கு என்று கேட்டதே இல்லை.

நான்கு வண்ண அச்சுக்கு நான்கு பிளேட். ஒரு லட்சுமி காலண்டர் முடிந்தால் நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று நான்கு லட்சுமிகள் வெளியே வருவார்கள். கறுப்புத் தகட்டில் கண்ணும் நகையும் தெளிவாக இருக்கும். மஞ்சள் தகட்டில் ஆளைக் கண்டுபிடிப்பதே பாடு. ஒரே லட்சுமியை ஆளுக்கொரு நிறமாக மார்புக்கவசத்தில் சுமந்துகொண்டு நாங்கள் தெருவில் உலகத்தைக் காப்பாற்றினோம்.

வேலை கற்றுக்கொடுத்தது தகரப் பட்டறை ஆசாரி. புனலும் உழக்கும் செய்கிறவர். “கோட்டை நம்பு, கைய நம்பாதே” என்பார். முதலில் அட்டையில் வெட்டி உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தகட்டில் ஆணியால் கீறி, கத்தரியால் வெட்ட வேண்டும். தட்டையான தகட்டை மார்பு வளைவுக்குக் கொண்டுவர, சும்மா அடித்தால் சுருக்கம்தான் விழும். பிளவுஸ் தைக்கிறவர்கள் டாட் பிடிப்பது போல ஓரத்தில் கூராக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, ரிவிட் அடிக்க வேண்டும். பாக்கி வளைவுக்குக் குழாய்மேல் வைத்து உருட்டினால் போதும். ஓரத்தை உள்ளே கம்பி வைத்து மடக்கி, கொட்டாப்புளியால் தட்டினால் கையும் கிழியாது, தகடும் விறைப்பாக நிற்கும்.

பிளேட் அலுமினியம் விறைப்பானது. ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் வெடித்துவிடும். அதற்கும் ஆசாரியிடம் வழி இருந்தது. மடக்குகிற இடத்தில் சோப்பைத் தேய்த்து நெருப்பில் காட்டுவார். அலுமினியம் சூடேறினாலும் நிறம் மாறிக் காட்டாது, உருகும்வரை வெள்ளையாகவே இருக்கும். சோப்புதான் கறுத்துச் சொல்லும். கறுத்ததும் எடுத்து ஆறவிட்டால் தகடு சொன்னபடி கேட்கும். தோளுக்கு எண்ணெய் டின். பக்கத்து விருதுநகர் எண்ணெய்க்குப் பேர்போன சந்தை, டின்னுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது வெள்ளீயம் பூசிய இரும்பு. வெட்டிய ஓரம் ஒரு மழைக்கே துருப்பிடிக்கும். கைதான் கடைசிவரை சோதித்தது. ஒவ்வொரு விரலுக்கும் சிறு வளையங்களாகச் சுருட்டி, சாக்குத் துணிக் கையுறையில் வரிசையாகத் தைத்தோம். விரலை மடக்கினால் ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். வளையம் சற்று நீண்டாலும் மாயாவியால் முஷ்டி பிடிக்க முடியாது.

ஊரை விட்டு நான் வந்து சேர்ந்த சென்னையில் 2024-ல் முதல்முறையாகக் காமிக் கான் நடந்தது. அயர்ன் மேனும் பேட்மேனும் சுற்றிவருகிற விழா அது. இன்றைய பிள்ளைகள் ஃபோம் ஷீட்டைச் சூடாக்கி வளைத்து, வெள்ளிச் சாயம் அடித்துக் கவசம் செய்கிறார்கள். பார்வைக்கு நிஜ உலோகமே தோற்றுவிடும்; கனமும் இல்லை, கையையும் கிழிக்காது. கெட்டிக்காரத்தனமான வேலை, குறை சொல்ல மனம் வரவில்லை. என் காதுக்குத்தான் போதவில்லை. தகடு உரசுகிற சத்தம் இல்லாமல் ஒரு வீரன் நடந்துவருவதை அது இன்னும் ஏற்கவில்லை.

சென்னை அச்சகங்களிலும் பழைய பிளேட் கிடைக்கிறது. கேட்டுப் பார்த்தேன், எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ, பில் வேண்டுமா என்றார்கள். முறையான கேள்விகள்தான். அலுமினியத்தை நான் எங்கும் விலைக்கு வாங்கிவிடலாம். எதற்கு என்று கேட்காமல் கொடுத்த அண்ணாச்சியும், தன் பிழைப்பை நிறுத்திவைத்து ஒரு பொடியனின் முஷ்டிக்காக வளையம் சுருட்டிக் காட்டிய ஆசாரியும் எந்த எடைக்கடையிலும் இல்லை. பயந்து பயந்து நெருப்போடு பிழைத்த ஒரு ஊர், தன் பிள்ளைகளின் விளையாட்டுக்கு மட்டும் அத்தனை தாராளமாக இருந்தது. ஊரை விட்டு வந்தபிறகுதான் அதன் அருமை தெரிகிறது.