கம்பி வழியே பழனி மலைக்கு

கதிரவெளியிற் பிறந்து வளர்ந்தோருக்கு மலை என்பது பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டறிந்த பொருளாகும். கிழக்கே பார்த்தாற் கடல். மேற்கே பார்த்தாற் காடும் வயலும். வடக்கே சிறிது தூரம் சென்றால் மகாவலியின் கிளையாகிய வெருகலாறு. நிலமோ பாய் விரித்தாற்போலச் சமனாய்க் கிடக்கும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கென்று குடும்பிமலை உண்டு. ஆயினும் அது எமக்கு எட்டாத் தொலைவிலே காட்டினுள் நிற்பது. எம் ஊராரில் அதன் உச்சியை மிதித்தோரைக் காண்பது அரிது.

இவ்வாறு மணலிலும் சதுப்பிலும் வாழும் மக்கள், மலையையே வீடாகக் கொண்ட முருகனிடத்து இத்துணைப் பற்றுக் கொண்டது எங்ஙனம் என்று நான் வியந்ததுண்டு. வெருகலாற்றங் கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் வெருகலைக் கடந்து எம் ஊர் வழியாகவே போகின்றது. அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்து, ஓரிரவு தங்கவைத்து, மறுநாட் காலையிற் சிலர் தாமும் ஒரு சீலைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு உடன் புறப்பட்டுவிடுவர். என் பெரியம்மாவும் இளமையில் அவ்வாறு புறப்பட்டவரே. இரண்டு முறை கதிர்காமம் நடந்தவர் என்ற பெருமை அவருக்கு இன்றும் உண்டு.

அவர் பழனிக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளுக்குத் தப்பிய குடும்பம், 2006இற் போருக்கு அஞ்சி ஊரை விட்டு ஓட நேர்ந்தது. வாழைச்சேனைப் பக்கத்து அகதி முகாம் ஒன்றின் தறப்பாள் கூடாரத்திலே, பிரிந்துபோன மகன் உயிரோடு வந்து சேர்ந்தாற் பழனிக்கு வந்து படியேறிக் கும்பிடுவேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். மகன் வந்து சேர்ந்தார். ஆனால் வீடு கட்டுவதும், பேரப்பிள்ளைகளின் படிப்பும், இடையில் வந்த கொள்ளை நோயுமாக ஆண்டுகள் ஓடிவிட்டன. அறுபது வயதில் வைத்த நேர்த்தியை நிறைவேற்ற எண்பதை எட்டும் வயதிற் புறப்பட்டோம். இடையில் அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன.

எம் பாட்டனார் காலத்திற் பழனிக்குச் செல்வோர் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி அங்கிருந்து புகைவண்டியிற் போவர். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலையும் எம் நாட்டுப் போர் நிறுத்தியது. இப்பொழுது கொழும்பிலிருந்து மதுரைக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணி நேரம். கதிரவெளியிலிருந்து கொழும்புக்கு வருவதுதான் நெடும் பயணம். மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பேருந்திற் சென்றோம். ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் மலைபோற் குவிந்திருந்த காய்கறிகளைக் கண்டபோதே பெரியம்மா, "இதுதான் மலையா, மனே?" என்று கேட்டுச் சிரித்தார். சற்று நேரத்தில் மெய்யான மலைகள் தெற்கே நீலச் சுவராய் எழுந்தன. அவை கொடைக்கானல் மலைகள். அந்தச் சுவருக்கு முன்னே, சமவெளியிலே தனித்து எழுந்து நிற்கும் சிறு குன்றே பழனியாண்டவர் வீற்றிருக்கும் மலை.

உயரம் என்று பார்த்தால் அது பெரிதன்று. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 450 அடி. படிகள் எழுநூறுக்கு அண்மை. ஆயினும் அது நிற்கும் நிலையிலே ஒரு கம்பீரம் இருக்கின்றது. அருகே, அதன் தம்பிபோல மற்றொரு குன்று நிற்கின்றது. அது இடும்பன் மலை. அகத்திய முனிவர் ஏவலின்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு குன்றுகளையும் தண்டு ஒன்றின் இரு முனையிலும் பாம்புகளையே கயிறாகக் கொண்டு கட்டிச் சுமந்து வந்த இடும்பன், இளைப்பாற இங்கே இறக்கி வைத்தானாம். மீண்டும் தூக்க முயன்றான். ஒரு குன்று அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உச்சியிலே கோவணம் உடுத்த ஒரு சிறுவன் நிற்கின்றான்! போர் மூண்டது, இடும்பன் மாண்டான், மனைவி மன்றாட, முருகன் அவனை எழுப்பித் தன் மலைக்குக் காவலனாக்கினான். காவடி எடுக்கும் வழக்கத்துக்கு மூலம் இக்கதையே. பழனிப் படிகளின் நடுவே இடும்பனுக்குக் கோயில் உண்டு. அவனை வணங்கிய பின்னரே ஆண்டவனை வணங்க வேண்டும் என்பது முறை.

இம்மலைக்கு ஏற இப்பொழுது நான்கு வழிகள் உள. படி ஒன்று, சரிவாக வளைந்து செல்லும் யானைப்பாதை ஒன்று, 1966ஆம் ஆண்டு முதல் ஓடும் விஞ்சு ஒன்று, 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஓடத் தொடங்கிய ரோப் கார் ஒன்று. விஞ்சு என்பது மலைச் சரிவில் இட்ட தண்டவாளத்தின்மேல் இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் வண்டி. உச்சிக்குச் செல்ல எட்டு நிமிடம் ஆகும். ரோப் காரோ தண்டவாளம் அற்றது. அடிவாரத்திலும் உச்சியிலும் உள்ள பெருஞ் சக்கரங்களைச் சுற்றி முடிவில்லாக் கம்பிக் கயிறு ஒன்று ஓட, அதனைப் பற்றிக்கொண்டு நால்வர் அமரும் பெட்டிகள் தொங்கிச் செல்கின்றன. ஒரு பக்கத்துப் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கத்துப் பெட்டிகள் இறங்கும். இறங்கும் பாரம் ஏறும் பாரத்துக்கு ஈடு கொடுப்பதால் மின்பொறிக்கு வேலை குறைகின்றது. இதுவும் ஒரு காவடியே அன்றோ! இடும்பனின் பாம்புக் கயிறு இரும்புக் கயிறாயிற்று, அவ்வளவே.

உலகின் பல மலைகளில் இவ்வகை ஊர்திகள் உண்டு. பிரேசில் நாட்டு ரியோ நகரத்துச் சர்க்கரைக் குன்றுக்கு 1912ஆம் ஆண்டிலும், தென்னாபிரிக்கக் கேப் டவுன் நகரத்து மேசை மலைக்கு 1929ஆம் ஆண்டிலும் கம்பிப் பாதை அமைத்தனர். தென்னமெரிக்காவின் தென்கோடியிலே பாதகோனியா என்னும் பனிநாட்டில், பரிலோச்சே நகர மக்கள் ஓட்டோ மலை உச்சிக்கு இவ்வாறே சென்று கீழேயுள்ள ஏரிகளைக் கண்டு களிக்கின்றனர். எம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து மூட்டைகளைக் கம்பியிற் கோத்துத் தொழிற்சாலைக்கு இறக்கும் வழக்கம் முன்பு இருந்தது. மற்றை நாடுகளிற் காட்சிக்காக ஏறுகின்றனர். இங்கே காட்சி இலவசம், ஏறுவது வேறொன்றுக்காக.

கம்பியில் தொங்குவது அச்சம் தராதா எனின், தரும். 2007ஆம் ஆண்டு இங்கே விபத்து ஒன்று நேர்ந்து உயிர்கள் போயின. அதன்பின் செப்பனிட்டே மீண்டும் ஓட விட்டனர். மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் ஒரு மாதமளவும் ஓட்டத்தை நிறுத்திப் பொறிகளைச் சோதிக்கின்றனர். காற்று மிகுந்தால் உடனே நிறுத்திவிடுகின்றனர். இச்செய்திகளுள் பின்னையவற்றை மட்டும் பெரியம்மாவிடம் சொன்னேன்.

அவருடைய கவலை வேறாக இருந்தது. அடிவாரத்திலே நின்று படிகளை நிமிர்ந்து பார்த்தார். பின்னர், தலைக்குமேற் செல்லும் பெட்டிகளைப் பார்த்தார். "படியேறி வாறன் எண்டுதானே நேர்ந்த நான். தொங்கிக்கொண்டு போனாச் சாமி ஏற்குமா?" என்றார். நானும் என் மனைவியும் எவ்வளவோ கூறினோம். நடக்க இயலாதாரை ஆண்டவன் கோபியான் என்றோம். மருத்துவர் தடுத்ததை நினைவூட்டினோம். எதுவும் பயன்படவில்லை. "அந்த ஏத்தத்துக்கு நடுவில இடும்பன் இருக்கான். அவனைக் கும்பிடாமத் தலைக்கு மேலால போறது மரியாதையா?" என்று இன்னொன்றையும் கேட்டார். இதற்கு எம்மிடம் விடை இல்லை. உண்மையாகவே, கம்பிவழிச் செல்வோர் இடும்பனைக் காண்பதில்லை.

கடைசியில் தீர்ப்பும் அவரே சொன்னார். கையிலிருந்த தேங்காயையும் கற்பூரத்தையும் என்னிடம் நீட்டி, "நேர்த்தி என்ட, கால் உன்ட. இடும்பனுக்கு உடைச்சுப்போட்டு ஏறி வா, மனே. நான் மேல நிக்கிறன்" என்றார். மனைவியுடன் அவரை ரோப் கார் வரிசையில் நிறுத்திவிட்டு நான் படியை நோக்கி நடந்தேன்.

மாசி மாதத்து வெயில் காலையிலேயே உறைத்தது. தைப்பூசக் கூட்டம் கலைந்து பல நாட்கள் ஆகியும் படிகளில் நெரிசல் குறையவில்லை. பச்சை வேட்டி உடுத்தோர், மொட்டைத் தலையிற் சந்தனம் பூசிய பிள்ளைகள், ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிக்கொண்டே செல்லும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்து வரும் கணவன் என எல்லாரும் மெல்ல மெல்ல மேலே நகர்ந்தனர். மலையாள மொழி எங்கும் கேட்டது. இடும்பன் கோயிலிலே தேங்காயை உடைத்துக் கற்பூரம் ஏற்றித் திருநீறு வாங்கி மடித்துக்கொண்டேன். அங்கே ஒரு கணம் நின்று நிமிர்ந்தபோது, நீல வானிலே பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓசையின்றி ஊர்ந்து சென்றன. அவற்றுள் எதிலேனும் பெரியம்மாவின் வெள்ளைச் சேலை தெரிகின்றதா என்று பார்த்தேன், தெரியவில்லை.

அவர் அப்பொழுதும் அடிவாரத்து வரிசையிலேயே நின்றிருக்கின்றார்! மூச்சிரைக்க நான் உச்சியை அடைந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிய பின்னரே அவர் வந்து சேர்ந்தார். கம்பியில் மூன்று நிமிடப் பயணந்தான். அதற்கு முன் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த வரிசையிலே கட்டிளங் காளையர் பலர் நின்றதை மனைவி கூறினாள். கால் வலுவுடையோர் படியில் ஏறி, இடத்தை முதியோருக்கு விட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. வெட்கம் இருந்தாற் போதும்.

"மூண்டு நிமிசம், மனே! கதிர்காமத்துக்கு ஒண்டரை மாசம் நடந்தம்" என்றார் பெரியம்மா. அதில் மகிழ்ச்சி பாதியும் ஏமாற்றம் பாதியும் கலந்திருந்தன. இடும்பன் கோயில் திருநீற்றை முதலிற் பூசிக்கொண்ட பின்னரே சந்நிதிக்கு நடந்தார்.

போகர் என்னும் சித்தர் ஒன்பது பாடாணங்களைக் கூட்டி அமைத்தார் என்று போற்றப்படும் திருவுருவம் அது. கையிலே தண்டு; இடையிலே கோவணம். நாங்கள் சென்ற வேளை ஆண்டிக் கோலம். கூட்டம் எங்களைத் தள்ளிச் சென்ற அந்தச் சில விநாடிகளில் பெரியம்மா எதையும் வேண்டியதாகத் தெரியவில்லை. மகனுடைய பெயரை மட்டும் ஒரு முறை சொன்னார்.

வெளியே வந்து பிராகாரத்துச் சுவரோரம் நின்றபோது எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டார். தென்கிழக்கைச் சுட்டிக் காட்டினேன். பழனியாண்டவர் மேற்கு நோக்கி நிற்பவர். சேர நாட்டைப் பார்த்து நிற்பதாற்றான் மலையாளத்து அடியார் இத்துணைப்பேர் வருகின்றனர் என்பர். பெரியம்மா சந்நிதியையும் நான் காட்டிய திசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நம்மட ஊர் அவர்ர முதுகுப் பக்கமா? சரி, அங்கால பார்க்கக் கதிர்காமத்தில ஒருத்தர் நிக்கிறார்தானே" என்று தாமே அமைதி கண்டார்.

காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. தெற்கே கொடைக்கானல் மலைத் தொடர் மடிப்பு மடிப்பாக விரிந்து, உச்சியில் முகிலைச் சூடி நிற்கின்றது. கீழே வையாபுரிக் குளம் வெள்ளித் தகடுபோல மின்னுகின்றது. அதற்கப்பால் வயலும் தென்னந்தோப்பும். தென்னையைக் கண்டதும் பெரியம்மாவுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. தென்னையின் தலையை அவர் மேலிருந்து பார்த்தது அன்றே முதன்முறை. "குருத்துத் தெரியுது, மனே" என்று குழந்தைபோல வியந்தார். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மலைக்குக் கைத்தொலைபேசி கொண்டு செல்லத் தடை உண்டு. அதனால் எவரும் தம் முகத்தைத் தாமே படம் பிடிக்கும் தொல்லை இல்லை. சுவரோரம் நின்றோர் எல்லாரும் உண்மையாகவே பார்த்துக்கொண்டு நின்றனர். பிற மலைகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

பஞ்சாமிர்தம் வாங்கினோம். மலைவாழையும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்ந்த இப்பண்டத்துக்கு 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. வெருகல் கோயிலுக்கென்று ஒரு புட்டியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார் பெரியம்மா.

இறங்கும்போது மூவரும் ஒரே பெட்டியில் அமர்ந்தோம். ஏறுகையில் மலை முகத்துக்கு நேரே நிற்கும். இறங்குகையிலோ முன்னால் ஒன்றுமே இல்லை. பெட்டி நிலையத்தின் விளிம்பைக் கடந்ததும் வயிற்றிலே ஒரு வெறுமை. காலடியிலே பாறையும் புதரும். ஒரு குரங்கு நிமிர்ந்து எம்மைப் பார்த்தது. அப்பால், சற்று முன் நான் ஏறிய படிவரிசை. அதில் மனிதர் எறும்பெனத் தோன்றினர். காற்று ஒரு முறை வீசப் பெட்டி மெல்ல ஊசலாடியது. நான் கம்பியை இறுகப் பிடித்தேன். பெரியம்மா பிடிக்கவில்லை, மடியிற் புட்டியை அணைத்தபடி கீழே குனிந்து இடும்பன் கோயிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் மேலேறும் பெட்டிகள் எம்மைக் கடந்தன. அவற்றுள் ஒன்றிலே அவர் வயதொத்த ஒரு மூதாட்டி, கண்களை இறுக மூடி, இரு கைகளையும் கூப்பியவாறு அமர்ந்திருந்தார். பெரியம்மா கையை நீட்டி உரத்த குரலிலே கூவினார்:

"அக்கா! கண்ணைத் திறங்க! தென்னங்குருத்துத் தெரியுது, பாருங்க!"