நான் வெட்டிய கடைசிப் பந்தி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. அதன் முன்னறையில்தான் பல வருடங்களாகத் தமிழ் வகுப்பு வைக்கிறேன். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள். ரயில் போகும்போது சொல்வதெழுதலை நிறுத்துவோம்; போனபின் தொடர்வோம்.

2017 ஐக் கொழும்பில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரம் 8 பிள்ளைகளுக்கு "டெங்கு நோய்" என்று தகவல் கட்டுரை ஒன்று கொடுத்தேன். முடிவுரையை மட்டும் நானே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தேன். "எனவே" என்று தொடங்கி "டெங்கை ஒழிப்போம், நாட்டைக் காப்போம்" என்று முடியும் நாலு வரி. பரீட்சையில் நேரம் போதாமல் கட்டுரையை அந்தரத்தில் விடும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒரு பிள்ளை மட்டும் அந்த நாலு வரியை எழுதவில்லை. அவளுடைய இரண்டாம் பந்தியில், நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும், தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும் என்று அழகாக விளக்கியிருந்தாள். கடைசிப் பந்தியில், பல்கனியில் பூச்சாடிக்குக் கீழே உள்ள தட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுவாராம். ஆனால் தட்டைத் தேய்ப்பதில்லையாம். அப்படியென்றால் முட்டை அங்கேயேதான் இருக்கும், இனித் தான் தேய்த்துக் கழுவப்போவதாகச் சொல்லி முடித்திருந்தாள்.

அந்தப் பந்தியின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன். "முடிவுரை இல்லை. சொந்தக் கதை வேண்டாம்" என்று எழுதி, 15 க்கு 9 போட்டேன். கொப்பியை வாங்கிக்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கட்டுரை பொலித்தீனைப் பற்றியது. என்னுடைய நாலு வரியையும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள், டெங்கு இருந்த இடத்தில் பொலித்தீன். 13 போட்டேன்.

அடுத்த வருட மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் தொடர்மாடிக்கு வந்தார். பூச்சாடி, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டு, ஃபிறிட்ஜின் பின்புறம் தண்ணீர் சேரும் தட்டை இழுத்தெடுத்து டோர்ச் அடித்தார். குடம்பிகள் நெளிந்தன. "போன கிழமைதான் ஊத்தினனான்" என்றேன். "ஊத்தினா மட்டும் போதாது அம்மா. உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவவேணும். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்" என்றார்.

அந்தக் கொப்பி அப்போதுதான் என் கண்முன் வந்தது.

முடிவுரையில் புதுத் தகவல் வரக்கூடாது என்பது வகுப்பறை விதி. சரியான விதிதான். ஆனால் அவள் புதுத் தகவல் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டாம் பந்தியில் சொன்ன முட்டையை எடுத்து, அதனால் என்ன ஆகிறது என்று காட்டினாள். தகவலை வாசித்தவன் கேட்கும் "சரி, அதனால்?" என்ற கேள்விக்கு அது பதில். என் நாலு வரியோ எந்தப் பந்தியிலிருந்தும் பிறக்கவில்லை. பொலித்தீனுக்கும் பொருந்தியது, போதைப்பொருளுக்கும் பொருந்தும். அறைகூவல் மேடைப் பேச்சுக்கு உரியது. விளக்கிச் சொல்லும் கட்டுரைக்கு அது ஒட்டுத்துணி.

இப்போது வகுப்பில் வேறு மாதிரிச் செய்கிறோம். கடைசிப் பந்தியைக் கையால் மறைத்துவிட்டு, மேலே உள்ளதில் மிக முக்கியமான ஒரு வசனத்துக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். முடிவுரை அந்த வசனத்திலிருந்துதான் புறப்படவேண்டும். விபுலாநந்த அடிகள் பற்றிய கட்டுரைகள் எல்லாம் முன்பு "அவர் வழி நடப்போம்" என்றே முடியும். சென்ற தவணையில் ஒரு பெடியன், யாழ் நூலுக்காக அவர் பல வருடங்கள் உழைத்ததைச் சொன்ன வசனத்துக்குக் கோடு போட்டான். பிறகு, அந்த நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியதையும் அடுத்த மாதம் 19 ஆம் திகதி அடிகள் மறைந்ததையும் ஒரே வசனத்தில் எழுதி நிறுத்தினான். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையைத் தொடாமல் இருந்தேன்.

டெங்குக் கட்டுரை எழுதிய அந்தப் பிள்ளையை அண்மையில் சந்தைக்கு முன்னால் கண்டேன். வளர்ந்துவிட்டாள். அன்று நான் செய்தது பிழை என்று சொன்னேன். அவளுக்குத் தட்டும் நினைவில்லை, தான் எழுதிய முடிவும் நினைவில்லை. "நீங்கள் தந்த நாலு வரி மட்டும் இப்பவும் பாடம், ரீச்சர்" என்றாள்.

கட்டுரை திருத்துகிற ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளையின் முடிவுரை வழமை மாதிரி இல்லையென்றால், கோடு போடமுதல் இரண்டாம் பந்தியை இன்னொருமுறை வாசியுங்கள்.