சேவூருக்கு ஒரு சிலிண்டர்

ஆரணிப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. நாம் போவது யார் காதிலும் விழாது. ‘புடவை வருகிறது’ என்று மட்டும்தான் விழும்.

நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். “மாம்பழக் கலர், அரக்கு பார்டர்” என்று மனைவி வாசல் வரைக்கும் வந்து ஞாபகப்படுத்தினாள். ஆனால் நான் புறப்பட்டது புடவைக்காக இல்லை. என் பையில் செய்தித்தாள் சுற்றி இருந்தது ஒரு நாற்காலி சிலிண்டர். ஆபீஸில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, சக்கரம் வைத்த சுழல் நாற்காலி... அதன் நடுத்தண்டு. கிட்டத்தட்ட ஒன்றரை அடி நீளம், கறுப்பு இரும்பு. பார்ப்பதற்கு ஏதோ சின்ன பீரங்கிக் குழாய் மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் கண்டக்டருக்கு அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

“இன்னா சார் இது?”

“சிலிண்டர்.” தப்பு!

“கேஸ் சிலிண்டர்லாம் பஸ்ல ஏத்தக்கூடாது சார்.”

“சமையல் கேஸ் இல்லீங்க, நைட்ரஜன்.” அதைவிடப் பெரிய தப்பு. பக்கத்து சீட் பெரியவர் மெல்ல எழுந்து பின்னால் போய்விட்டார். நாம் இழுத்து விடுகிற மூச்சுக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

“நாற்காலிக்குப் போடறதுங்க. உட்கார்ந்தா எறங்கும், எழுந்தா ஏறும்.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி சொன்னார்: “எங்க சீட்டு கேஸ் இல்லாமலே அதைச் செய்யுதே சார்!”

சேவூரில் என் நண்பன் இருக்கிறான். இருவரும் ஒரே பெஞ்சில் பி.காம். படித்தவர்கள். நான் டெபிட் கிரெடிட்டை விட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்துவிட்டேன். அவன் ஊருக்கே திரும்பிப் போய், கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறான். பட்டுத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று துளை போட்ட அட்டைகள் அதற்குச் சொல்லும். பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு. அந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் பின்னால் கணக்குப் போடும் இயந்திரங்களுக்கும் யோசனை பிறந்தது. ஆக, கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு வகையில் தாத்தா முறை. இப்போது பேரன் தாத்தா வீட்டுக்கே வேலைக்கு வந்திருக்கிறான்.

என் நண்பன் திரையில் கட்டம் கட்டமாக மயிலும் யாளியும் வரைவான். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு வளைந்துவிடும். முகூர்த்த சீசனில் தினம் பத்து மணி நேரம் உட்கார வேண்டிய வேலை. அப்படிப்பட்டவன் போனில் அழுதான்.

“டேய், காலையில கலெக்டர் மாதிரி உட்கார்றேன். பதினோரு மணிக்கு டவாலி மாதிரி ஆயிடறேன். கழுத்தைத் தூக்கித் தூக்கி ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து முதுகு போச்சுடா.”

நாற்காலி தானாக இறங்குகிறது. கடையில் கேட்டால் புது நாற்காலி வாங்கச் சொல்கிறார்களாம். நாங்கள் படித்த கணக்கில் மேஜை நாற்காலிக்கு வருஷத்துக்குத் தேய்மானம் 10 சதவீதம். இவன் நாற்காலி ஒரு காலைப் பொழுதிலேயே நாலு அங்குலம் தேய்கிறது!

போன வருஷம் என் நாற்காலியும் இதே மாதிரி ‘டவாலி’ ஆகி, நானே சரிசெய்திருந்தேன். அந்த ஒரு நாற்காலி அனுபவத்தில் நான் நிபுணன்.

விஷயம் இதுதான். சிலிண்டருக்குள்ளே அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் உச்சியில் ஒரு குமிழ் அமுங்கும். உள்ளே வாயு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக வழி திறக்கும். நாம் உட்கார்ந்திருந்தால் நாற்காலி இறங்கும், எழுந்துவிட்டால் ஏறும். விட்டால் வழி மூடிக்கொண்டு, இருந்த இடத்தில் நிற்கும். உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் வாயு கசியும், நாமும் கொஞ்சம் கொஞ்சமாக பூமிக்குப் போவோம். சில சமயம் சிலிண்டர் நன்றாகவே இருக்கும். நெம்புகோல் வளைந்து குமிழை ஓயாமல் அமுக்கிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள், காசு மிச்சம். நண்பனைப் பார்க்கச் சொன்னேன். நெம்புகோல் நிரபராதி. தண்டின் கனம் பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளுக்கு ஒரே அளவுதான். நீளம்தான் மாறும். அவனை டேப் வைத்து அளக்கச் சொல்லி, அதே நீளத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன்.

ஆரணியில் இறங்கி சேவூருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆரணி என்றால் பட்டு, அரிசி. சரித்திரப் பிரியர்கள் 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டதைச் சொல்வார்கள். சேவூரில் எனக்கு முதலில் தெரிந்தது சத்தம்தான். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் ‘டக்... டடக்’. நாலு வீடு தாண்டியதும் நம் நடையும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடுகிறது.

நண்பன் வீட்டு முன் அறை முழுக்கத் தறி. குழித்தறி. தரையில் குழி, குழிக்குள் கால், காலுக்குக் கீழே மிதிகட்டை. விளிம்பில் ஒரு பலகை, அதுதான் ஆசனம். ஏறாது, இறங்காது. அவன் அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். நாடாவைக் கையிலிருந்து விடாமலே, “வா தம்பி, சாப்ட்டியா?” என்றார். பின் அறையில் கம்ப்யூட்டரும் அந்த நோயாளி நாற்காலியும்.

நான் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நண்பனின் அம்மா குரல் கொடுத்தார்கள். “பட்டு இருக்கிற எடத்துல எண்ணெய்யா! தெருவுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா!”

ஆகவே ஆபரேஷன் தெருத் திண்ணையில். கோணிச்சாக்கு விரித்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். ஐந்து கால் அடிப்பாகத்தின் நடுவில், சிலிண்டரின் விளிம்பு தெரிகிற இடத்தில், கட்டை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நட்டநடுவில் இருக்கிற முளை மேல் போடக் கூடாது. நாலாவது அடியில் கால்கள் கழன்று விழுந்தன. தறிச் சத்தம் மட்டுமே கேட்கிற தெருவில் சுத்தியல் சத்தம் கேட்டதும் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. “இன்னாப்பா, சேரை உடைக்கிறீங்க?”

சீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். அசையவில்லை. இந்தச் சிலிண்டரை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. திருகு இல்லை, பசை இல்லை. லேசாகச் சரிந்த கூம்பு, அதே சரிவில் ஒரு துளை, அவ்வளவுதான். மேலே உட்கார உட்கார இறுகும். என் நண்பன் 86 கிலோ. ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறான்.

“கோடாலிக்குக் காம்பு போடற மாதிரிதானே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா. தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்திருந்தார். கம்ப்ரெஸர், கேஸ் என்று நான் ஒரு பக்கத்தில் எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். “பக்கத்துத் தெருவுல போர்வெல் மோட்டார் எறக்கறவரு இருக்காரு. பைப் ரெஞ்ச் வெச்சிருப்பாரு, கூட்டியா” என்று பையன் ஒருவனை விரட்டினார்.

போர்வெல்காரர் வந்தார். முழங்கை நீளத்துக்கு ரெஞ்ச். சிலிண்டரைக் கவ்வி, நாங்கள் இருவரும் சீட்டைப் பிடித்துக்கொள்ள, ஒரே திருகு. ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காசு வாங்க மறுத்துவிட்டார். “இதுக்கெல்லாமா? முந்நூறு அடி பைப்பையே ஏத்தறோம்!”

புதுசைப் போடுவது சிறுபிள்ளை வேலை. கூம்பு படுகிற இடத்தைத் துணியால் எண்ணெய் போகத் துடைத்து, காலில் செருகி, சீட்டை மேலே வைத்து உட்கார்ந்தால் முடிந்தது. உட்காருவதுதான் முடுக்குவது.

நண்பன் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இறங்கவில்லை. கூட்டம் ஏமாற்றத்துடன் கலைந்தது.

“அப்பாவை ஒருவாட்டி உட்கார வை” என்றார்கள் அம்மா. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்கப் போன இடத்தில் உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்தார். உயரம் அதிகம், கால் தொங்கியது. நான் நெம்புகோலை இழுக்க, மெல்ல இறங்கினார். சிரித்துவிட்டார். பாதம் தரையைத் தொட்டது. தொட்டதும் வலது கால் ஒரு அழுத்து, இடது கால் ஒரு அழுத்து...

“கால் கட்டையைத் தேடுது தம்பி” என்றார் வெட்கத்துடன். பிறகு கேட்டார்: “இது எவ்ளோ வரைக்கும் எறங்கும்?”

“நாலு அங்குலம்ப்பா.”

“குழி வரைக்கும் எறங்குமா?”

நான் சிரிக்கப் போனேன். நண்பன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டேன்.

விஷயத்தை அவன் பிறகு பின் அறையில் சொன்னான். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. குழியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம். பாவில் இன்னும் ஒரு புடவை பாக்கி. அதை முடித்ததும் தறியைப் பிரித்துவிடலாம், அந்த இடத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் போடலாம் என்பது இவன் யோசனை. அவர் பதிலே சொல்வதில்லை.

“தரைக்கு மேலே சட்டம் அடிச்ச தறி இருக்கே. பெஞ்சுல உட்கார்ந்து நெய்யலாமே?” என்றேன்.

“மேல பாரு” என்றான்.

பார்த்தேன். ஜக்கார்டு பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. குழித்தறி தாழ்ந்த கூரைக்குத் தோதாக இருப்பதே அதனால்தான். தறியைத் தூக்கினால் பெட்டி கூரையில் இடிக்கும். அப்பாவை இரண்டடி உயர்த்த வீட்டையே உயர்த்த வேண்டும். அவன் ஏற்கெனவே ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி. என்னிடம் நீட்டி, “பி.காம். தானே நீ, எங்கயாவது குறைக்க முடியுதா பாரு” என்றான். நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

முன் அறையில் மறுபடி ‘டக்... டடக்’. எட்டிப் பார்த்தேன். உத்தரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துத்தான் அவர் இறங்குவதும் ஏறுவதும். கைபட்டுக் கைபட்டு அந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது.

தறியில் ஓடிக்கொண்டிருந்தது மாம்பழக் கலர், அரக்கு பார்டர்! ஆசையாக விலை கேட்டேன். “அது நம்மளுது இல்லப்பா” என்றார்கள் அம்மா. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, இவர்களுக்குக் கூலி. புடவை முடிந்ததும் அவர் கடைக்குப் போய்விடும். கடைக்குப் போய் வாங்க என் பர்ஸில் அன்றைக்குத் தெம்பு இல்லை. சிலிண்டருக்குப் பணம் தர நண்பன் வந்தான், நான் வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டைப் பார்த்த பிறகு எப்படி வாங்குவது?

கிளம்பும்போது பழைய சிலிண்டரை ஒரு பழைய இரும்புக்காரர் கேட்டார். “உடைச்சு எடுத்துக்கறேன் சார்.” வேண்டாம் என்றேன். கசிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். வெட்டினாலோ நெருப்பில் போட்டாலோ வெடிக்கும். விவரம் தெரிந்த கடையில் கொடுக்கலாம் என்று, அதே செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி பையைப் பிரித்துவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கோடு அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இது எத்தனை கஜம்?”