கம்பியைத் தொட்ட கை

அம்மா தொட்டால் பாட்டு வரும்; கையை எடுத்தால் இரைச்சல். கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வளவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பெண்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவார்கள். நடுவில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின்மேல் ரேடியோ. கொடைக்கானல் பண்பலை, 100.5. கூலி கட்டைக்குத்தான், ஒரு கை ரேடியோக் கம்பியில் இருந்தால் அன்றைக்குக் கட்டை குறையும். அதனால் பாட்டுக்கு ஒரு ஆள் என்று முறை போட்டுக்கொண்டார்கள். ஆனாலும் வேறு யார் தொட்டாலும் அம்மா தொட்ட மாதிரி வராது என்று அடித்துச் சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அந்த ரேடியோவின் ஏரியல் அடியோடு ஒடிந்துபோய், அந்தப் பொந்தில் ஒரு குடைக்கம்பியைச் செருகியிருந்தோம். மழைக்காலத்தில் கிழிந்த கறுப்புக் குடை ஒன்றிலிருந்து அப்பா கழற்றியது. துணி தைத்திருந்த நுனியில் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா ரேடியோ, டேப்ரெக்கார்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஈயப் புகை. மத்திய அலைக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு கறுப்புக் கம்பு, அதைச் சுற்றிச் செப்புக் கம்பி என்று ஏரியல் இருக்கிறது என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன். திருநெல்வேலி நிலையத்தை மத்திய அலையில் கேட்கும்போது ரேடியோவையே திருப்பி வைத்தால் சத்தம் கூடுவதும் குறைவதும் அதனால்தான். பண்பலைக்கு அந்தக் கம்பு பயன்படாது. வெளியே நீட்டியிருக்கிற கம்பிதான் எல்லாம்.

தாத்தா காலத்தில் இலங்கை வானொலி கேட்க, வீட்டுக் கூரையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் செப்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்களாம். சிற்றலைக்கு அது சரி. நானும் அதே நினைப்பில் முப்பது அடி ஒயரை மரத்துக்கு இழுத்து, ஒரு முனையைக் குடைக்கம்பியில் சுற்றினேன். கொடைக்கானல் முன்னைவிட மங்கிப்போனது. சித்தப்பா வந்து பார்த்தார். "ஏலே, இதுக்கு நீளம் முக்கியமில்லடே, அளவுதான் முக்கியம்" என்றார். கீழே கிடந்த தீப்பெட்டி லேபிள் ஒன்றை எடுத்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக் காட்டினார். 143-ஐ 100.5-ஆல் வகுத்தால் 1.42. அத்தனை மீட்டர். அதை நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் 71 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 71 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஒயர் இறங்க வேண்டும். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பி இருந்தால் அந்த அலை வரும்போது நன்றாக அதிர்ந்து வாங்கிக்கொள்ளும்.

குடைக்கம்பியை அளந்து பார்த்தோம். ஒற்றைக் கம்பியாக நிற்பதற்கும் 71 வேண்டும். எங்களுடையது அதற்குக் குறைவு. அந்தக் குறையை அம்மாவின் உடம்பு ஈடுகட்டியிருக்கிறது. உப்புத்தண்ணீர் நிறைந்த மனித உடம்பும் ஒருவகைக் கம்பிதான். மற்றவர்கள் தொட்டால் ஏன் அப்படி வரவில்லை என்று கேட்டேன். அம்மா எப்போதும் தூணோரம் உட்காருவாள். அலை நேராகவும் வரும், சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கூடுகிற இடமும் உண்டு, ஒன்றையொன்று அழிக்கிற இடமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓரிரு முழம்தான் இருந்தாலும் இருக்கும். சித்தப்பா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அண்ணிகிட்டச் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை.

இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில் தொடங்கியது. எங்கள் பக்கத்துக்கு அது மலையேறித்தான் வந்து சேர்ந்தது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். பண்பலை அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போவது. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் வளையாது. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து புறப்பட்டால் 190 கிலோமீட்டர் வரைக்கும் கண்ணுக்கு நேராக இருப்பதுபோலத்தான். கோவில்பட்டிக்கு வான்வழியில் 125 கிலோமீட்டர் இருக்கும். மதுரை, தேனி, விருதுநகர் என்று தெற்குச் சீமையே அந்த ஒரு மலையின் நிழலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது.

தூத்துக்குடியில் அத்தை வீட்டில் வேறு கதை. கோடை விடுமுறையில் காற்றே இல்லாத ராத்திரிகளில், ரேடியோ முள்ளைத் திருப்பினால் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரிக் கேட்கும். காற்று எழும்பிவிட்டால் போய்விடும். கடலை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் தரையிலிருந்து வந்த வறண்ட சூட்டுக்காற்று படிந்து நிற்கும்போது, மேலே தப்பிப் போக வேண்டிய அலை கீழே வளைந்து கடலோடு ஒட்டியே நெடுந்தூரம் வந்துவிடுகிறது. அத்தை மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தபடி அந்த யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கண்மூடிக் கேட்பாள். அந்தக் குரல்கள் தங்கள் நாட்டுப் போர்ச் செய்தியையும் சொல்லும், பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லும். அப்படிக் கேட்கிற சுகம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இலங்கை என்றதும் எங்கள் தட்டட்டியில் நின்ற ஆன்டெனா நினைவுக்கு வருகிறது. 80-களில் ரூபவாஹினி பார்ப்பதற்காக ஊரெல்லாம் தென்கிழக்கு நோக்கி மீன்முள்ளைப்போல ஆன்டெனாக்கள் நின்றன. அந்த வகை ஆன்டெனா 1926-இல் ஜப்பானில் உடா என்பவர் பாடுபட்டு உருவாக்கியது. அவருடைய பேராசிரியர் யாகியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் கேபிள் வந்தபிறகு அது காக்கைகளுக்கு மட்டும் உதவியது. அதை வடக்கே திருப்பி ரேடியோவில் மாட்டினால் போதும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பூஸ்டரும் வாங்கி மாட்டினோம். பாட்டோடு இரைச்சலும் அதே அளவு ஏறியது. கம்பி வாங்காததைப் பூஸ்டர் எங்கிருந்து பெருக்கும்?

டிவி அலைக்கு ஏற்ற கம்பி அது. எங்களுக்கு வேண்டியதில் பாதிதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க சித்தப்பாவும் நானும் அலுமினியக் குழாய் அறுத்தோம். பின்னால் நிற்பது ஒன்றரை மீட்டர், நடுவில் 1.42, முன்னால் 1.35, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளி. நடுக்குழாயின் வெட்டுவாயில் கேபிளின் உள்கம்பியை ஒரு பக்கமும் வலையை மறுபக்கமும் திருகி, மழைத்தண்ணீர் இறங்காமல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். கீழே, உள்கம்பியைக் குடைக்கம்பியில் கவ்வவைத்து, வலையைப் பேட்டரியின் எதிர்முனை ஸ்பிரிங்கில் ஈயம் வைத்து ஒட்டினார். நான் மேலே குழாயைத் திருப்பினேன். "போதும், போதும், அப்படியே நில்லு" என்று கீழேயிருந்து அம்மாவின் குரல். குழாய் வெயிலில் கொதித்தது. ஆணி முடுக்கும்வரைக்கும் விடவில்லை.

மறுநாள் திண்ணையில் எல்லாருக்கும் இரண்டு கையும் மிச்சம். ஐப்பசியில் இடி இடிக்கும்போது மட்டும் கவ்வியைக் கழற்றிவிட அம்மா கத்துவாள்.

சித்தப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன தீபாவளிக்குப் போயிருந்தேன். செல்போனில் பண்பலை கேட்கிறாள். இயர்போன் செருகினால்தான் அது பாடும். அந்த ஒயர்தான் ஏரியல். காதில் மாட்டிக்கொள்வதில்லை, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஒயரை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். 100.5. பாட்டு நடுவில் கரகரத்தது. அம்மா எழுந்துபோய் ஒயரின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள்.

"வந்துட்டு பாத்தியா" என்றாள்.

பாட்டு முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.