ஓரியின் தெரு

ஆடி 16

காலையிலிருந்து சாரல். மிளகுக் கொடிக்கு நல்லது. கொடியில் காயும் துணிக்குத்தான் ஆகாது. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து கடையெழு வள்ளல்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி. நம்ம கொல்லிமலைக்காரர் ஓரி கடைசியில் நிற்கிறாரே என்று அவளுக்குக் குறை. பிறகு கேட்டாள்:

“ஓரியைக் கொன்னது காரிதானே தாத்தா? அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஒரே வரிசையில?”

இத்தனை வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தியவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 18

செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அரியூர் நாட்டிலிருந்து போன பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கீழேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் தலைசுற்றலோடு மர நிழலில் சாய்ந்திருந்தார்கள். சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, ஒலிபெருக்கி. பேசிய எல்லாருமே ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தின கதையைத்தான் சொன்னார்கள்.

எனக்கு அதே புறநானூற்றுப் பாட்டின் (152) பின்பாதிதான் பிடிக்கும். காட்டில் எதிர்ப்பட்ட வேடன் யாரென்று வன்பரணருக்கும் பாணர்களுக்கும் தெரியாது. தலைவனைப் புகழ்ந்து பாடுகிறார்கள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் அவன் நாணிப் போகிறான். இன்னது வேண்டுமென்று வாய்திறக்கவும் விடாமல் மானிறைச்சியும் தேறலும் தந்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். அப்பேர்ப்பட்டவனை நடுவில் நிறுத்தி இத்தனை ஒலிபெருக்கியா!

ஆடி 19

விழா முடிந்த மறுநாளின் அமைதி. இரவெல்லாம் அதிர்ந்த மேளம் எங்கோ சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். நற்றிணை 320 ஞாபகம் வந்தது. அதுவும் விழா ஓய்ந்த நாளில் தொடங்கும் பாட்டுதான். தழையாடை உடுத்த ஒருத்தி தெருவில் நடந்து போகிறாள், ஊரே இரைகிறது. எப்படி? ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சல்போல. பாடியவர் கபிலர். காரியின் கொடையைப் புறநானூற்றில் மனம் நிறையப் பாடியவரும் அவரேதான். காரி வென்ற கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. வென்றவனின் நண்பர் காதில் விழுந்தது, தோற்றவன் தெருவின் ஓலம். அதற்கென்று தனிப்பாட்டு கட்டவில்லை. ஒரு காதல் வழக்கின் நடுவே உவமையாக ஒளித்து வைத்துவிட்டார்.

சாயங்காலம் பேத்தியிடம் இதைச் சொன்னேன். காதல் வழக்கை மட்டும் விட்டுவிட்டேன். மூங்கில் வில்லுக்குச் சணல் கட்டிக்கொண்டே கேட்டவள், விரலை மடக்கி எண்ணினாள்.

“காரிக்கும் ஓரிக்கும் நடுவுல மூணு பேர் இருக்காங்க தாத்தா. பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்கல.”